இரண்டு வெட்டு போட்ட ஆரஞ்சு

டாங்கா,
4 மே

அன்புள்ள சௌமு அக்காவுக்கு,

மூத்தவளுக்கு என் ஷிகமூ. இங்க நான், என் பொண்டாட்டி தாத்து, அவ வயித்துல இருக்கறது எல்லாரும் அல்லாஹ் புண்ணியத்துல சுகம். உன் முட்டி வலி எப்படி இருக்கு? ரொம்ப நேரம் தண்ணில நிக்காதேன்னு சொன்னா நீ கேக்கப் போறதில்ல. இருந்தாலும் தம்பின்னு ஒருத்தன் சொல்லி வைக்கணும் இல்லையா.

போன் பண்ணாம லெட்டர் எழுதறானேன்னு திட்டாதே. கிஜிவேனில நின்னா உன் போன் கென்யா டவரை விட்டுட்டு எல்லை தாண்டி எங்க நாட்டு டவரைப் பிடிச்சுக்குது. 'நல்லா இருக்கியா'ன்னு கேக்கறதுக்குள்ள காசு கரைஞ்சிடுது. மாக்கமே படகு வாரா வாரம் உங்க பக்கம் வருது. லெட்டரைக் குடுத்தா குடுக்கறான், காசும் கேக்கறதில்ல. எனக்கு எழுதறதை கம்பெனி கேட்டுக்கே அனுப்பு, வீட்ல நான் இருக்கறதே அபூர்வம்.

புது வேலை பழகிடுச்சு. துறைமுகத்துக்கு வர்ற கப்பல்ல அடியில கழிவு எண்ணெய் சேரும். அதை எங்க படகுல உறிஞ்சி எடுத்து கரையில கொண்டு வந்து சேக்கணும். அதுக்குத்தான் கப்பல்காரங்க எங்க கம்பெனிக்குக் கூலி குடுக்கறாங்க. கேப்டன் ஃபும்போ சிடுமூஞ்சி. படகு கிளம்பறதுக்கு முன்னாடி எல்லார் போனையும் வாங்கிப் பெட்டியில பூட்டிடுவார், தீப்பொறி பயமாம்.

போன வாரம் எங்க படகு வெளிக்கடல்ல, நாம 'அப்பா பாறை'ன்னு சொல்ற இடத்துக்குப் போச்சு. உனக்கு ஞாபகம் இருக்கா? அங்க மீன் பிடிக்கறப்போ அவர் நெத்துத் தேங்காய்ல கத்தியால கீறித் தண்ணில விடுவார், மறுநாள் அது நம்ம கரையில வந்து ஒதுங்கும். ஒரு வெட்டுன்னா 'நான் சுகம், வர லேட்டாகும்'. ரெண்டு வெட்டுன்னா 'சிக்கல், ஆளுங்களைக் கூப்பிடு'. அம்மா அதைப் பார்க்கத்தான் சாயங்காலம் கரைக்குப் போவா. போன் வர்றதுக்கு முன்னாடியே நம்ம வீட்ல போன் இருந்துச்சு.

கடைசியா ஒண்ணு. ஏன்னு கேக்காதே. இந்தப் பௌர்ணமி வத்தத்துக்குக் காத்திருக்காம உன் கடல்பாசியை இப்பவே அறுத்துடு.

உன் தம்பி,
கோம்போ


கிஜிவேனி,
9 மே

டேய் கோம்போ,

உன் ஷிகமூவுக்கு மரஹபா. நானும் என் முட்டியும் நல்லா இருக்கோம். தாத்துவை வெயில்ல அலைய விடாதே. புளி கேட்டா வாங்கிக் குடு.

நீ சொன்னேன்னு அறுத்துட்டேன். ஆனா என் மானம் போச்சு. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும்தான் கடல் நல்லா வத்தும், முழங்கால் தண்ணில நின்னு அறுக்கலாம்னு பச்சைப் புள்ளைக்குக் கூடத் தெரியும். இடைப்பட்ட நாள்ல கழுத்தளவு தண்ணில நின்னு, மூச்சைப் பிடிச்சு முங்கி முங்கி நான் ஒருத்தி மட்டும் கயித்தை அவுக்கறேன். கரையில நின்னு நம்ம பாசிச் சங்கத்துப் பொம்பளைங்க அத்தனை பேரும் வேடிக்கை பார்க்கறாங்க. மேஜுமா அக்கா கையைத் தட்டி, "என்னடி சௌமு, மாப்பிள்ளை வீட்டார் வர்றாங்களா, இவ்வளவு அவசரம்?"னு கத்தினா. சிரிச்சுட்டே வந்தேன். வேற என்ன சொல்றது? என் தம்பி எழுதினான், ஏன்னு சொல்லலன்னா?

பாசி முக்கால்தான் வளர்ந்திருக்கு. காயப் போட்டிருக்கேன். எடை நிக்காது.

ஏன்னு கேக்காதேங்கற. நீ சின்ன வயசுல 'ஏன்னு கேக்காதே'ன்னு சொன்னப்போ எல்லாம் எதையாவது உடைச்சிருப்ப. இப்ப என்ன உடைச்ச?

அக்கா,
சௌமு


கிஜிவேனி,
19 மே

கோம்போ,

சலாம். உடம்பு எப்படின்னு அப்புறம் கேக்கறேன். முதல்ல இதுக்குப் பதில் சொல்லு.

தார் வந்துடுச்சுடா. ஞாயித்துக்கிழமை காலையில வத்தத்துக்கு இறங்கினா கடல் கறுப்பா இருக்கு. கயித்துல தொங்கற பாசி ஒவ்வொண்ணும் எண்ணெயில முக்கி எடுத்த மாதிரி. கையில எடுத்தா வழுக்குது, நாத்தம் தொண்டையில ஒட்டுது. மேஜுமா அக்கா தன் கயித்தைக் கையில பிடிச்சபடி தண்ணிலயே உக்காந்துட்டா. இந்தத் தடவை அவளுக்குத்தான் விளைச்சல் அதிகம். சங்கத்துல ஒரு வீட்டுக்குக் கூட மிச்சமில்ல, என் வீட்டைத் தவிர. என் பாசி பந்தல்ல சுத்தமா காஞ்சு கிடக்கு, ஊர் முழுக்கப் பார்க்கற இடத்துல.

யாரும் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தாக் கூடத் தேவல. கிணத்தடிக்குப் போனா பேச்சு நிக்குது.

மொம்பாசாவிலேருந்து கடல் அதிகாரி ஒருத்தி வந்தா, பேர் கெருபோ. கண்ணாடி பாட்டில்ல தாரைச் சுரண்டி எடுத்துக்கிட்டா. எண்ணெய்க்கும் கைரேகை மாதிரி ஒண்ணு உண்டாம். எந்தக் கப்பலோடதுன்னு கண்டுபிடிக்கலாமாம். அவ என்கிட்ட, "நீங்க மட்டும் ஏன் முன்னாடியே அறுத்தீங்க?"ன்னு கேட்டா. முட்டி வலின்னு சொன்னேன். முட்டி வலிக்காரி கழுத்தளவு தண்ணில இறங்குவாளான்னு அவ கேக்கல. என் முட்டியைத்தான் பார்த்தா.

உனக்கு எப்படிடா முன்னாடியே தெரிஞ்சது? இன்னொண்ணு. துறைமுகத்துக்குள்ள வேலை செய்யற படகு அப்பாவோட பாறைக்கு எதுக்குப் போச்சு? அங்க என்ன கப்பலா நிக்குது?

உடனே எழுது.

சௌமு


டாங்கா,
7 ஜூன்

மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு,

சலாம். இறைவன் அருளால் நாங்கள் நலமாக உள்ளோம். தங்கள் நலனுக்குப் பிரார்த்திக்கிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் ஊர்க் கடற்கரையில் ஏற்பட்ட பாதிப்பை அறிந்து வருந்துகிறேன். மழை வரலாம் என்ற எண்ணத்தில்தான் முன்கூட்டியே அறுவடை செய்யுமாறு எழுதினேன். வேறு காரணம் எதுவும் இல்லை. எங்கள் நிறுவனம் கடலின் தூய்மையை மிகவும் மதிக்கும் நிறுவனம். எங்கள் படகு துறைமுக எல்லையைத் தாண்டிச் செல்வதில்லை. பாறை குறித்து நான் எழுதியது தவறு. அது வேறு ஒரு பாறை.

தந்தையாருக்கு என் சலாமைத் தெரிவிக்கவும். அவர் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கோம்போ


கிஜிவேனி,
14 ஜூன்

மதிப்பிற்குரிய சகோதரன் அவர்களுக்கு,

இப்படித்தானே ஆரம்பிக்கணும் இப்பல்லாம்? யாருடா எழுதிக் குடுத்தது? மேடையில மாலை போட்டுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு. உங்க கம்பெனி எண்ணெய் கொட்டுச்சுன்னு நான் ஒரு வார்த்தை எழுதல. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லேன்னு நீயே வந்து சொல்ற. அப்பாவோட பாறையைப் பார்த்தா உனக்கு அடையாளம் தெரியாதா? அதுல அடிபட்ட தழும்பு இன்னும் உன் முழங்கால்ல இருக்கு.

அப்பாவுக்கு சலாம் சொல்லுன்னு எழுதியிருக்க. அவர் மௌத்தாகி எத்தனை வருஷம் ஆச்சு? குழிக்குள்ள மண்ணைத் தள்ளினவனே நீதான். குடிக்க ஆரம்பிச்சிருக்கியா? தாத்துவுக்குத் தெரியுமா?

உன் கவரையும் பார்த்தேன். ஒட்டினதைப் பிரிச்சு மறுபடி ஒட்டின மாதிரி சுருக்கம் விழுந்திருக்கு. மாக்கமேயைப் பிடிச்சு உலுக்கினேன். குர்ஆன் மேல சத்தியமா நான் தொடலங்கறான். அவன் சத்தியம் பண்ற வேகத்தைப் பார்த்தா அவன் மேலயும் சந்தேகமா இருக்கு.

இங்க நிலைமை சொல்றேன். சங்கம் கூடுச்சு. யார் எண்ணெய்னு தெரியற வரைக்கும் சௌமு தண்ணில இறங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பாசிக் கயிறு கட்டற என் முளைக்குச்சி எல்லாம் பிடுங்கிக் கரையில கிடக்கு. "உன் தம்பி அந்த எண்ணெய்ப் படகுலதானே இருக்கான்"னு மேஜுமா அக்கா கேட்டா. ஆமான்னேன். "உனக்கு முன்னாடியே தெரியும்"னா. தெரியாதுன்னா பொய், தெரியும்னாலும் பொய்.

கெருபோ மறுபடி வந்தா. இந்தக் கரையில இருக்கற நாடெல்லாம் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்காம், ஒருத்தர் கடல்ல எண்ணெய் கொட்டினா இன்னொருத்தர் உதவிக்கு வரணும், பாட்டிலை ஒத்துப் பார்க்கணும்னு. எங்க ஆளுங்க உங்க ஆளுங்களுக்கு எழுதினா, முறையா மேலிடத்து வழியா எழுதுங்கன்னு பதில் வந்திருக்காம். கல்யாணத்துல எந்த சம்பந்தி முதல்ல வந்து கூப்பிடறதுன்னு முறைச்சுக்கிட்டு நிப்பாங்களே, அந்தக் கதை. கடல்ல வர்ற எண்ணெய் எந்த மேலிடத்துக்கிட்டயும் கேட்டுக்கிட்டு வரல.

நிஜத்தை எழுது. என் பேரைக் காப்பாத்து.

சௌமு


கிஜிவேனி,
20 ஜூலை

கோம்போ,

சலாம். நோன்பெல்லாம் நல்லபடியா போகுதா? தாத்து நோன்பு வைக்க வேணாம், வயித்துப் புள்ளைக்காரிக்கு விலக்கு உண்டு.

பதில் இல்ல. காசு போனாப் போகுதுன்னு தாத்துவுக்குப் போன் பண்ணினேன். "அவர் கடல்ல இருக்கார் மதினி"ன்னு வச்சுட்டா. பின்னாடி உன் இருமல் கேட்டுச்சு.

இங்க நோன்பு திறக்கற நேரம் வந்தா தெரு முழுக்கத் தட்டு ஓடும், உனக்குத் தெரியும். இந்த வீட்டு மரவள்ளி அந்த வீட்டுக்கு, அந்த வீட்டு அவரை இந்த வீட்டுக்கு. இந்த வருஷம் என் வாசல்ல ஒரு தட்டு கூட வரல. நானா மஹம்ரி பணியாரம் சுட்டு மேஜுமா அக்காவுக்கு அனுப்பினேன். மூடின துணி கலையாம அப்படியே திரும்பி வந்துச்சு. அதை நானே தின்னேன். அழுதுக்கிட்டேதான் தின்னேன், பொய் சொல்லல.

என்கிட்ட மறைக்கறது என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா அதோட நாத்தம் என் வீட்டுலதான் அடிக்குது.

சௌமு


டாங்கா,
2 ஆகஸ்ட்

மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு,

பெருநாள் வாழ்த்துகள். நாங்கள் நலம். தங்கள் நலம் விழைகிறோம்.

ஒரு மகிழ்ச்சியான செய்தி. கடலில் எண்ணெய் சிந்தினால் எப்படித் தடுப்பது என்று இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து இங்கே பதின்மூன்றாம் தேதி ஒத்திகை நடத்துகிறார்கள். உண்மையான எண்ணெயை ஊற்ற முடியாது அல்லவா? அதனால் எண்ணெய்க்குப் பதிலாக முஹேசா ஆரஞ்சுகளை மூட்டை மூட்டையாகக் கடலில் கொட்டுவார்கள். அதுவும் மிதக்கும், யாருக்கும் தீங்கில்லை. துறைமுக வாயிலில் கொட்டுவதை மிதவை வேலி போட்டு வளைப்பார்கள். மீதியை வெளிக்கடலில் கொட்டி, எங்கே போகிறது என்று பார்ப்பார்கள். இதற்கு எங்கள் படகையே வாடகைக்கு எடுத்திருப்பது எங்களுக்குப் பெருமை.

அன்று கேப்டன் அவர்கள் கரையில் விருந்தினர்களுடன் இருப்பார். வெளிக்கடலில் மூட்டைகளைக் கொட்டும் பணி எனக்குத் தரப்பட்டுள்ளது.

தந்தையாருக்கு ஆரஞ்சு மிகவும் பிடிக்கும். தாயார் முன்பு செல்வது போல் அவரை அந்த வாரம் சாயங்காலங்களில் கரைப் பக்கம் போய் வரச் சொல்லவும்.

இப்படிக்கு,
கோம்போ


கிஜிவேனி,
16 ஆகஸ்ட்

மதிப்பிற்குரிய சகோதரன் அவர்களுக்கு,

சலாம். நலம். தங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. தங்கள் நிறுவனத்தின் பெருமை எங்கள் பெருமை.

தந்தையார் தினமும் கரைக்குப் போய் வருகிறார். அவருக்கு ஆரஞ்சு கிடைத்தது. நன்றாகச் சுற்றிப் பார்த்துத்தான் வாங்கினார். என்ன செய்வது என்று யோசிப்பதாகச் சொன்னார்.

இப்படிக்கு,
சௌமு


கிஜிவேனி,
16 ஆகஸ்ட்
(தாத்து கையில், பஸ் கண்டக்டர் வழியாக)

டேய் தம்பி,

கம்பெனிக்கு ஒரு லெட்டர் போட்டிருக்கேன். அதை யார் வேணா பிரிச்சுப் படிச்சுக்கட்டும். இதை நீ மட்டும் படி, படிச்சுட்டு அடுப்புல போடு.

அப்பாவுக்கு சலாம்னு ரெண்டாவது தடவை படிச்சப்போதான் என் மண்டையில ஏறுச்சு. உயிரோட இல்லாதவருக்கு சலாம் சொல்றவன் குடிகாரன் இல்ல, பக்கத்துல ஆள் நிக்கறப்போ எழுதறவன். அப்புறம்தான் உறைச்சது, உன்னைக் காட்டிக் குடுத்ததே நான்தான். 'உனக்கு எப்படி முன்னாடியே தெரியும், பாறைக்கு எதுக்குப் போனீங்க'ன்னு கொட்டை எழுத்துல எழுதி அவங்க கேட்டுக்கே அனுப்பினேனே. அறிவு கெட்டவ நான். மாக்கமேகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்.

ஆரஞ்சு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துச்சு. தார் எந்த ஓடை வாயில வந்துச்சோ, அதே வாயில. கரையெல்லாம் மஞ்சள். ஊரே ஓடி வந்து மடியில அள்ளுது. நான் மட்டும் ஒவ்வொண்ணா புரட்டிப் பார்த்துக்கிட்டு நிக்கறேன். நிறைய பழத்துல ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒண்ணு. தோல்ல ரெண்டு வெட்டு, பக்கத்துப் பக்கத்துல, அப்பா போடற மாதிரியே சாய்வா. அப்புறம் இன்னொண்ணு, இன்னொண்ணு. மேஜுமா அக்கா கையில கூட அப்படி ஒண்ணு இருந்துச்சு. "மூட்டை கட்டறப்போ கத்தி பட்டிருக்கும்"னு சொல்லிட்டு உரிச்சுத் தின்னுட்டா. நான் ஒண்ணை இடுப்புல சுத்தின காங்காத் துணியில முடிஞ்சு வச்சுக்கிட்டேன்.

கெருபோ மறுநாளே வந்துட்டா. ஓடை வாயைப் பார்த்தா, ஆரஞ்சைப் பார்த்தா. வெளிக்கடல்ல எந்த இடத்துல கொட்டினாங்கன்னு படகுல இருந்த கருவி காட்டுதாம். அங்க கொட்டினா இங்கதான் வருதுன்னா, தாரையும் அங்கதான் கொட்டியிருக்கணும்னு சொன்னா. "அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யாரோ ஒரு படகுக்காரராம். தற்செயலா, இல்ல தெரிஞ்சு செஞ்சாரா? அவர் வாயைத் திறந்தா நான் டாங்கா அதிகாரிக்கு நேராப் போன் பண்ணுவேன், ஒத்திகையில பக்கத்துல பக்கத்துல நின்னவங்க நாங்க, இனிமே மேலிடம் வேணாம்"னா. என்னைப் பார்த்தே சொன்னா. நான் ஆரஞ்சைக் காட்டல. இடுப்புல அது கனக்குது.

ரெண்டு வெட்டுன்னா ஆளுங்களைக் கூப்பிடுன்னு அர்த்தம். எனக்குப் புரியுது. ஆனா ஆளுங்க வந்தா கேப்டனை மட்டும் பிடிப்பாங்களா? நீயும் அந்தப் படகுலதான் இருந்த. தாத்து மாசமா இருக்கா. உன்னைக் காட்டிக் குடுக்கச் சொல்லி நீயே கேக்கற. இது எந்த அக்காவால முடியும்?

இன்னொரு கேள்வியும் இருக்கு. அதைக் கேக்காம என்னால தூங்க முடியாது. எதைப் போட்டாலும் டாங்கா பக்கம் திரும்பவே திரும்பாத இடம் அப்பாவோட பாறை. அப்பாவுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். ஃபும்போவுக்கு யார் காட்டினது?

கெருபோ வியாழக்கிழமை வருவா. அதுக்குள்ள உன் பதில் வரலேன்னா, அப்பா ரெண்டு வெட்டுப் போட்டு விட்டிருந்தா அம்மா என்ன செஞ்சிருப்பாளோ அதைத்தான் நானும் செய்வேன்.

அக்கா


டாங்கா,
28 செப்டம்பர்

என் அக்காவுக்கு,

ஷிகமூ. எல்லாரும் சுகம். உன் முட்டி எப்படி இருக்கு? பொம்பளைப் புள்ள பொறந்திருக்கு. சௌமுன்னு உன் பேரையே வச்சிருக்கோம். தாத்து எழுந்து நடமாடறா.

பதில் எழுதறதுக்குள்ள ஆளுங்க வந்துட்டாங்க. நீ சொல்லிட்டேன்னு தெரிஞ்சுகிட்டேன். நல்லது பண்ணின. நாங்க ஒரு கப்பல்ல எண்ணெய் எடுத்துட்டு வெளிக்கடலுக்குத் திரும்பின நேரம் பார்த்து, எங்க நாட்டுக் கடல் போலீஸ் குறுக்க வந்து நின்னுச்சு. கென்யா விமானம் ஒண்ணு மேல சுத்துச்சு. கொட்டற குழாய் தண்ணிலதான் இருந்துச்சு, மறைக்க நேரமில்ல. கெருபோ மேடம் உங்க கரைப் பாட்டிலைக் கொண்டு வந்தாங்க, எங்க படகுத் தொட்டியிலேருந்து எங்க நாட்டு அதிகாரிங்க ஒரு பாட்டில் எடுத்தாங்க. எங்க தொட்டி அடியில கசடு எப்பவும் தங்கும், அதுவும் உங்க தாரும் ஒண்ணுன்னு சோதனையில வந்துடுச்சு. கரையில கொண்டு போய்ச் சேத்தா அங்க கூலி குடுக்கணும். அதை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனையும்.

பாறையைப் பத்திக் கேட்டு நீ எழுதின அந்த லெட்டரை ஃபும்போ படகுல எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிச்சார். "அக்கா நல்லா எழுதறா"ன்னு சிரிச்சார். அதுக்கப்புறம் நான் எழுதறதையும் அவர்தான் பிரிச்சுப் படிச்சு மறுபடி ஒட்டுவார். தாத்து வயித்தைப் பத்தி அடிக்கடி விசாரிப்பார், அதுதான் பயமா இருந்துச்சு. தாத்து போனை வச்சப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். மன்னிச்சுக்கோ.

அவரும் முதலாளியும் உள்ள இருக்காங்க. என்னை சாட்சியா வச்சிருக்காங்க, பிடிச்சுப் போடல. ரெண்டு நாட்டு அதிகாரியும் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க. கஹவா காப்பி வாங்கிக் குடுத்தாங்க. வழக்கு டிசம்பர்ல வருது.

மேஜுமா அக்காவுக்கும் எல்லாருக்கும் என் சலாம். நீ கேட்டதுக்கெல்லாம் பதில் எழுதிட்டேன்னு நினைக்கறேன். புள்ள அழறா, நிறுத்தறேன்.

உன் தம்பி,
கோம்போ


கிஜிவேனி,
8 அக்டோபர்

தம்பிக்கு,

மரஹபா. என் பேர்க்காரிக்கு முத்தம். பேரை வச்சு என் வாயை அடைக்கப் பார்க்கறியோன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். என் புத்தி இப்ப அப்படித்தான் போகுது, கோவிச்சுக்காதே.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என் வாசல்ல தட்டு வைக்க இடமில்ல. மேஜுமா அக்கா தானே தூக்கிட்டு வந்தா. எல்லார் எதிர்லயும் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "உன்னைச் சந்தேகப்பட்டேன் சௌமு, என்னை மன்னிச்சுடு. உன் தம்பி எங்களுக்குக் காவலா இருந்திருக்கான்"னு அழுதா. உன் பொண்டாட்டிக்குக் காங்கா எடுத்து வச்சிருக்காங்க. நீ வர்ற அன்னைக்கு சங்கமே கரைக்கு வந்து நிக்கணுமாம். என் முளைக்குச்சியை அவங்களே சுமந்து போய் நட்டுக் குடுத்தாங்க.

அந்தத் தட்டுல நல்ல ஆட்டுக்கறி இருந்துச்சு. எனக்கு இறங்கல.

எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிட்டேன்னு நினைக்கறேன்னு எழுதியிருக்க. ஒண்ணுக்கு எழுதல. நீ மறக்கறவன் இல்ல.

மாக்கமேகிட்ட ஒரு நெத்துத் தேங்காய் குடுத்து விட்டிருக்கேன். அதுல வெட்டு எதுவும் இல்ல. அந்த இடத்தை ஃபும்போவுக்குக் காட்டினது நீ இல்லேன்னா அப்படியே திருப்பி அனுப்பு. நீதான்னா ஒரு வெட்டுப் போட்டு அனுப்பு. வாயால சொல்ல வேணாம், எழுதவும் வேணாம்.

சௌமு


கிஜிவேனி,
2 நவம்பர்

தம்பி கோம்போவுக்கு,

சலாம். புள்ளைக்கு சளின்னு மாக்கமே சொன்னான், விட்டுச்சா? நெஞ்சுல தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்க்கச் சொல்லு.

தேங்காய் வந்துச்சு. ஒரு வெட்டு. ஆழமாத்தான் போட்டிருக்க.

வெட்டு இல்லாம வந்திருந்தா உன்னை நம்பியிருப்பேனான்னு கேட்டா, தெரியல. 'இங்க போட்டா இந்தப் பக்கம் திரும்பாது'ன்னு நீ அவர்கிட்ட சொல்லியிருப்ப. அப்பாவோட மகன்னு கொஞ்சம் பெருமையாக் கூட சொல்லியிருப்ப. பின்ன எந்தப் பக்கம் போகும்னு அவர் கேட்டிருக்க மாட்டார். உனக்குத் தெரியும். அதனாலதான் எனக்கு மட்டும் முன்னாடியே அறுன்னு எழுதின. எனக்கு மட்டும்.

தேங்காயை ரெண்டு நாள் அரிசிப் பானையில ஒளிச்சு வச்சேன். நினைச்சுப் பார்த்தா சிரிப்பா வருது. ஊர் என்னைச் சந்தேகப்பட்டப்போ நான் ஒண்ணையும் ஒளிக்கல. ஊர் என்னை நம்ப ஆரம்பிச்சப்புறம்தான் ஒளிக்கறேன். மேஜுமா அக்கா கயிறு கட்டறப்போ என் பக்கத்துலதான் நிக்கறா. உன் பேரைச் சொல்லி துஆ கேக்கறா. ஒவ்வொரு தடவையும் நான் ஆமீன் சொல்லணும்.

நேத்து சங்கம் கூடினப்போ தேங்காயைக் கொண்டு போய் நடுவுல வச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன். கெருபோவும் இருந்தா. மேஜுமா அக்கா தாத்துவுக்கு எடுத்து வச்ச அந்தக் காங்காவை மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அப்புறம் திரும்பி வந்து, "இதைப் புள்ளைக்குக் குடு, அது என்ன பண்ணுச்சு"ன்னு என் மடியில போட்டா. உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல. இன்னைக்குத் தண்ணில எனக்குத் தள்ளித்தான் நின்னா, ஆனா இறங்காதேன்னு சொல்லல.

கெருபோ உன்னைப் பார்க்க வருவா. இனிமே நீ சாட்சி மட்டும் இல்லன்னு அவ சொன்னா. அவ கேக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு.

தெரிஞ்சே ரெண்டு தடவை உன்னைக் காட்டிக் குடுத்திருக்கேன்டா. முதல் தடவை நீ கேட்ட, குடுத்தேன். இந்தத் தடவை நீ கேக்கல.

வழக்கு அன்னைக்கு நான் வர்றேன். உன் பக்கத்துலதான் உக்காருவேன். தேங்காய்ப்பால் மீன் கொண்டு வர்றேன், தலை உனக்கு.

அக்கா,
சௌமு